கை நின்ற இடம்

பூட்டுக்காரருக்குப் பெண் நிச்சயமானபோது பெண் வீட்டுப் பக்கத்தில் யாரோ சொன்னார்களாம், அந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆள் தேடித்தான் இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறார்கள் என்று. கல்யாணத்துக்குப் பிறகு அவர் எத்தனையோ கதவுகளுக்குப் பூட்டுப் போட்டார். அந்த ஒன்றுக்கு மட்டும் போட மனம் வரவில்லை.

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவள் வேலை செய்யும் சலவைக்கூடத்துப் பெண்கள். அதன் பிறகு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எட்டாவது வரை படித்தவள். எழுத்தைக் கண்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. கடைப் பலகை, பஸ்ஸின் முதுகு, சோப்பு உறை, பொட்டலம் கட்டி வந்த காகிதம், எதுவானாலும் செய்தி வாசிப்பது போலச் சத்தமாக, தடங்கல் இல்லாமல், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பாள். பூட்டுக்காரருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னால் சாவியின் பல்லைப் போல மேலும் கீழுமாக ஒரு கோடு இழுப்பார். இரண்டு பேரும் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்துவிடுவார். அவள் வாசித்துக்கொண்டே வருவாள். அவருக்கு அந்தத் தெருக்களெல்லாம் அவள் குரலில்தான் பழக்கம்.

ஒருமுறை சலவைக்கூடத்துப் பெண்களின் அலமாரிப் பூட்டுகளைச் சரிசெய்ய அவரையே கூப்பிட்டிருந்தார்கள். ஹோட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மலை மலையாகப் படுக்கை விரிப்புகள் வரும் இடம். ஆவி, ஈரம், காதைப் பிளக்கும் சத்தம். அவர் மூலையில் குந்தி ஒரு பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. யாரோ இயந்திரங்களை நிறுத்தினார்கள். ரேடியோவைக் கூப்பிடு என்று ஒரு குரல். அவள் கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்றாள்.

"இயந்திரத்தின் இயக்கம் முழுமையாக நிறுத்தப்படாத நிலையில் பாதுகாப்புத் தடுப்பினை அகற்றுவதோ, அதற்கு முனைவதோ கடுமையான ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதாகும்."

கூடமே அசையாமல் நின்றது. அவள் வாசித்து முடித்ததும் எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின. வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். பூட்டுக்காரர் பக்கத்தில் நின்ற இஸ்திரி அக்காவிடம், என்ன சொன்னாங்க என்று மெதுவாகக் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் இஸ்திரி அக்கா. "ஆனா எவ்வளவு அழகா வாசிச்சா, பார்த்தீங்களா?"

பார்த்தார். பெருமையில் அன்றைக்கு அவருக்கு ஒரு பூட்டின் ஸ்பிரிங் தெறித்துத் தொலைந்ததுகூடத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும், அந்தத் தடுப்பு என்றால் எது, எப்போது தொடக்கூடாது என்று அவளிடம் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. ஏன் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வெளியிலிருந்து தொட்டாலே சில பூட்டுகளுக்குள் ஒன்றுமில்லை என்று கை சொல்லும். கை சொன்னதை அவர் வாயிடம் சொல்லவில்லை.

பிறகு அவருக்குக் கால் வீங்கியது. முதலில் செருப்பைக் குறை சொன்னார். அப்புறம் முகம் வீங்கியது, முகத்துக்குச் செருப்பைக் குறை சொல்ல முடியவில்லை. சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டன என்றார் டாக்டர்.

இரண்டு வழி இருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம். போக வர, படுத்திருக்க என்று நாளே போய்விடும், மறுநாள் அசதியில் போகும், கடையை மூட வேண்டியதுதான். இல்லையென்றால், வயிற்றில் ஒரு குழாய் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். மருந்துத் தண்ணீரைப் பையிலிருந்து வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் கழித்து இன்னொரு பையில் வெளியே வடித்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. அவர் தெம்பு திரும்பும்வரை அதைச் செய்ய வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கற்றுக்கொண்டு, பயிற்சி சிஸ்டர் முன்னால் செய்து காட்டித் தேற வேண்டும். தேறாவிட்டால் இரண்டாவது வழி கிடையாது.

பூட்டுக்காரர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டார். மூன்றடி அகலக் கடை அது. சுவர் முழுக்கச் சாவிகள். எழுத்துத் தெரியாதவருக்கு அந்தச் சுவர்தான் புத்தகம். அதை மூடிவிட்டுப் படுத்தால் தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி சொல்லாமலே தெரிந்துகொண்டாள்.

பயிற்சி சிஸ்டர் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தாள். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள் அந்த சிஸ்டர்.

"வாசிக்கிறதுதானே, குடுங்க சிஸ்டர்" என்றாள் ரேடியோ.

அன்றிலிருந்து அவள் வாயில் அந்தப் புத்தகம்தான். விரிப்பை மடிக்கும்போது ஒரு பக்கம், இஸ்திரி உருளையில் கொடுக்கும்போது ஒரு பக்கம். சலவைக்கூடத்துப் பெண்களுக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டதாம். கரைத்துக் குடித்துவிட்டாள் என்று இஸ்திரி அக்கா கடை வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பூட்டுக்காரரின் தங்கை வந்தாள். ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், பன்னிரண்டாவது முடித்தவள். அண்ணி ஒப்பிப்பதைக் கேட்டு, நான் பரீட்சைக்குக்கூட இப்படிப் படிச்சதில்ல என்றாள். இவ்வளவு பெருமையையும் வயிற்றில் குழாயையும் ஒன்றாகத் தாங்கிக்கொண்டு பூட்டுக்காரர் சோதனைக்குப் போனார்.

பயிற்சி அறையில் ஒரு மேஜை, கை கழுவும் தொட்டி, பை மாட்டும் கம்பி. பழகுவதற்காகத் துணியில் தைத்த வயிறு ஒன்று இருந்தது. அதிலிருந்து குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. தனக்கு வாய்த்த வயிற்றைவிட அது நன்றாக இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். அவரைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

கை கழுவுவதில் ஆரம்பித்து ரேடியோ எல்லாவற்றையும் சொன்னாள். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கொட்டினாள். வாசலில் போன ஒரு நர்ஸ் நின்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு சிஸ்டர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இது அவர் வயித்துல இருந்து வெளியே வந்த தண்ணின்னு வச்சுக்கங்க. என்ன செய்வீங்க?"

ரேடியோ பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "வெளியேற்றப்பட்ட திரவத்தில் ஒளிபுகாத் தன்மை காணப்படின், காலம் தாழ்த்தாது சிகிச்சை மையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும்." ஒரு சொல் பிசகவில்லை.

"சரி. இந்தப் பை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சிஸ்டர்."

"என்ன செய்யப் போறீங்க?"

"கீழே ஊத்திட்டு அடுத்த பையை மாட்டுவேன்."

பூட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பார்த்தார். பைக்குள் இருந்தது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. மேஜையில் இருந்த மற்றப் பைகள் அப்படி இல்லை.

சிஸ்டர் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதில் கொஞ்சம் பாலை விட்டிருப்பதாகச் சொன்னாள். நிஜத்தில் தண்ணீர் இப்படி வந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே போன் வராவிட்டால் ஆளையே பறிகொடுக்க வேண்டி வரும். குரலை ஏற்றாமல்தான் சொன்னாள்.

ரேடியோ பையையே பார்த்தாள். வாழ்நாளெல்லாம் விரிப்பு அலசிய தண்ணீரைப் பார்த்துப் பார்த்து, தெளிந்துவிட்டதா, இன்னும் ஒரு தடவை அலச வேண்டுமா என்று சொல்கிறவள் அவள்.

"கலங்கலா இருந்தால்னு போட்டிருக்கலாமே, சிஸ்டர்."

அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

"போட்டிருக்கலாம். போடல" என்றாள் சிஸ்டர். "புரிஞ்சுதான்னு நான் யாரையும் கேக்கறதில்லம்மா. கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. நீங்க ஒப்பிக்கிறதை வச்சு நான் இவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அங்கே நான் இருக்க மாட்டேன்."

இன்னும் ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னாள். அதிலும் தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும், ஆள் இல்லையென்றால் ஆஸ்பத்திரி இயந்திரம்தான். அதுவரைக்கும் அவருக்கு அதே இயந்திரம்தான்.

பஸ்ஸில் ரேடியோ ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பலகைகள் வந்தன, போயின. அவள் ஒன்றையும் வாசிக்கவில்லை. பூட்டுக்காரருக்கு வழி தெரியாத ஊரில் போவது போல இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைக்கூட அவர் தவறவிட்டார்.

வீட்டிலும் அப்படியே. அவள் பாத்திரத்தைத் துலக்கினாள், துலக்கிய பாத்திரத்தை மறுபடியும் துலக்கினாள். புத்தகம் அலமாரிக்கு மேலே போய்விட்டது. தங்கை வந்து, வேண்டுமானால் நான் வந்து செய்கிறேன் அண்ணி என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அவள் அலுவலகம், ரேடியோவின் சலவைக்கூடம் போல, அடுத்த தெருவிலா இருக்கிறது, நான்கு வேளையும் வந்து போக? ரேடியோ அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். சலவைக்கூடத்திலும் அறிவிப்பு ஏதோ வந்ததாம், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். இதை இஸ்திரி அக்கா சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

விடுமுறை நாள் ஒன்றில், சாப்பிட்டு முடித்த பிறகு, பூட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்தார். ஏறியதற்கு மூச்சு வாங்கியது.

"இந்தா, வாசி."

"எதுக்கு? ஊர் சிரிச்சது போதாதா?"

"வீட்ல கரண்ட் போன மாதிரி இருக்கு. வாசி."

அவள் வேண்டாவெறுப்பாகப் பிரித்து ஒரு வரியை வாசித்தாள். பழைய குரல் இல்லை. அவர் கேட்டுக்கொண்டார்.

"அப்படின்னா என்ன?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் பொங்கியது. "இத்தனை வருஷமா வாசிச்சுக் காட்டறேன். ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா? இப்பத்தான் கேக்கத் தோணுதா?"

"கேட்டா நீ கோவிச்சுக்குவேன்னு இருந்துட்டேன்."

"அப்போ தெரியுமா உங்களுக்கு?"

"உன் குரல் நல்லா இருக்கும். அதைக் கேட்டுட்டே இருந்துடுவேன். அர்த்தம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்னு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதி அழுகை, பாதி என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பியபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புரியலேன்னு யார்கிட்டே போய்ச் சொல்றது என்றாள். "பேரே ரேடியோ. ரேடியோ போய் புரியலேன்னு நிக்குமா?"

"நான் நிக்கறேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். எனக்கு என்ன வெக்கம்? நீ வாசி, நான் கேக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பமானது. அவருக்குக் கடைக்காரர் புத்தி, வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. சாவி செய்து கொடுத்தால் போதாது, பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பவர். கதவு நிலையில் ஒரு கொக்கி அடித்தார். கடையிலிருந்து ஒரு ரப்பர் குழாயும், ஆஸ்பத்திரிப் பைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் காலியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் பைகளும் கொண்டு வந்தார். சட்டையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், நிஜக் குழாயை ஒட்டி மறைத்துவிட்டு ரப்பர் குழாயைத் தோள் வழியாகத் தொங்கவிட்டுக்கொண்டு. பார்க்கக் கொஞ்சம் கேலியாகத்தான் இருந்தது.

விதி ஒன்றுதான். ஒரு வரியை வாசிக்க வேண்டும், வாசித்ததைக் கை செய்ய வேண்டும். கை செய்துவிட்டால் அடுத்த வரி. கை நின்றுவிட்டால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

முதல் பக்கங்களில் கை ஓடியது. ஜன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், முகக்கவசத்தை மாட்டினாள், மூடியைத் திறக்கும்போது முனையில் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு வரி வந்தது.

"வெளியேற்றப்பட்ட அளவு உட்செலுத்தப்பட்ட அளவினும் குறைவாக இருப்பின், குழாயின் வளைவுகளைச் சரிபார்த்து, அமர்வு நிலையில் மாற்றம் செய்யவும்."

கை அந்தரத்தில் நின்றது.

"யாரை மாத்தி உக்கார வைக்கணும்? குழாயையா?" என்றாள்.

"குழாய் எங்கே உக்காரும்? நான்தான் போல."

"இதுல உங்க பேரே இல்லையே."

"பூரா புத்தகத்துலயும் இல்ல. ஆனா வயிறு என்னுதுதானே?"

அவள் மறுபடியும் வாசித்தாள். இந்தத் தடவை சத்தமில்லாமல், விரலை வைத்து. பிறகு தன் பேச்சில் சொல்லிப் பார்த்தாள். உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வந்தது குறைச்சல். குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா பார். அவரை இப்படி அப்படி அசைந்து உட்காரச் சொல். சொல்லி முடித்ததும் அவளே ஒருமுறை தலையாட்டிக்கொண்டாள். அது சலவைக்கூடத்துத் தலையாட்டல் அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. அவர் நாற்காலியில் இப்படியும் அப்படியும் அசைந்து காட்டினார்.

எல்லாம் இப்படிப் பிடிபட்டுவிடவில்லை. சில வரிகளில் இரண்டு பேரும் மாறி மாறி மல்லுக்கட்டியும் கை அசையவில்லை. ஒருநாள் கோபத்தில் அவள் புத்தகத்தை விட்டெறிந்தாள், அது பையில் பட்டுத் தண்ணீர் கொட்டி, இரண்டு பேரும் தரையைத் துடைக்க வேண்டியதாயிற்று. புள்ளி விழுந்த இடங்களைத் தங்கையிடம் காட்டினார்கள். சிலதைச் சட்டென்று பிரித்துச் சொன்னாள். ஒரு வரியில் அவளும் நின்றாள். உதட்டை அசைத்தாள், பக்கத்தைத் திருப்பினாள், முதலிலிருந்து வந்தாள்.

"இது டாக்டருங்க தங்களுக்குள்ளே பேசிக்கிற பாஷை அண்ணி. நமக்காக எழுதினதில்ல."

"நிஜமாவா? உனக்குமா?" என்றாள் ரேடியோ. அன்றைக்குத்தான் அவள் பல நாள் கழித்துச் சிரித்தாள். தங்கைக்குத்தான் கொஞ்சம் உறைத்தது. பன்னிரண்டாவது வரை படித்ததெல்லாம் இந்த ஒரு வரிக்குக் காணாமல் போனதே என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மிச்சப் புள்ளிகளுக்கு சிஸ்டரைத் தவிர வேறு ஆள் இல்லை. பூட்டுக்காரர் இயந்திரத்துக்குப் போகும் நாளில் ரேடியோவும் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். பயிற்சி அறை வாசலில் நோயாளிகளும் கூட வந்தவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் கைப்பையைத் தோளில் ஏற்றினாள், இறக்கினாள். நான் வேண்டுமானால் கேட்கட்டுமா என்றார் அவர். அதற்கு அவள் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர், எனக்குப் புரியல."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது சிவந்தது. ஆனாலும் நின்ற இடத்தில் நின்றாள். புத்தகத்தை நீட்டினாள்.

சிஸ்டர் பக்கங்களைப் புரட்டினாள். "இத்தனை இடமா?"

"இத்தனைதான் சிஸ்டர். மத்ததெல்லாம் நாங்களே பிரிச்சுட்டோம்."

அந்த 'நாங்களே' பூட்டுக்காரருக்கு ஒரு மருந்து உள்ளே போனது போல இருந்தது.

சிஸ்டர் ஒரு புள்ளியில் நின்று வாசித்தாள். புருவத்தைச் சுருக்கி இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு அந்தச் சிக்கனமான சிரிப்பில் ஒன்றை எடுத்துச் செலவழித்தாள். உண்மையைச் சொன்னால் இந்தப் புத்தகத்தை அவள் முழுதாக வாசித்ததே இல்லையாம். அவளுக்கு மூத்த சிஸ்டர்கள் செய்து காட்டித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். உள்ளே வாங்க, கையால செஞ்சு பழகிக்கங்க என்று கூப்பிட்டாள். பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, வடித்த பையின் கீழே வைத்தாள். தண்ணீர் வழியாக எழுத்துத் தெரிந்தால் தெளிவு, தெரியாவிட்டால் போன். ரேடியோ குனிந்து பையின் வழியாக ஒரு தலைப்பைப் பார்த்தாள். வாசிக்க வாய் எடுத்து, வாசிக்காமல் விட்டாள்.

அதன் பிறகு அவர் இயந்திரத்துக்குப் போகும் நாளெல்லாம் அவளும் ஏதாவது ஒரு புள்ளியோடு வந்தாள். வீட்டில் கதவு நிலைக் கொக்கிக்கு ஓய்வே இல்லை. அவருக்குச் சில நாள் வாந்தி, சில நாள் அரிப்பு. கால் வைத்த இடத்தில் கால் நிற்காது. ஆனாலும் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கேட்க ஒன்றும் இல்லாத நாளில்கூட, அப்படின்னா என்ன என்று ஒருமுறை கேட்டு வைப்பார். அவளுக்கு எரிச்சலாக வரும். எரிச்சலோடு சொல்லும்போதுதான் அவள் மிகத் தெளிவாகச் சொன்னாள்.

இரண்டாவது சோதனை நாள் வந்தது. முன்பு சோதனை நடந்த அதே அறைதான். ஆனால் அவரை உள்ளே விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நீங்க கண்ஜாடை காட்டுவீங்க என்றாள் சிஸ்டர். கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளி வரிசையில் உட்கார வைத்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். அவருக்கும் கால் வீங்கியிருந்தது. செருப்பின் வார்களை அவிழ்த்துவிட்டிருந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் தேடினார். பூட்டுக்காரருக்குக் காதெல்லாம் உள்ளே.

உள்ளேயிருந்து முதலில் தண்ணீர் விழும் சத்தம். வெகுநேரம் கை கழுவினாள். பிறகு சத்தமே இல்லை. முகக்கவசம் போட்டிருப்பாள், மூச்சுப் படக்கூடாது, பேசக்கூடாது. பையின் உறை கிழியும் ஓசை. கம்பியில் மாட்டும் ஓசை. அவர் தன் முழங்காலின் மேல் விரலால் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார். இப்போது மூடி. இப்போது வடிகிறது. இப்போது செய்தித்தாள். அவள் வாய் திறக்காமல் இவ்வளவு நேரம் இருந்தது கல்யாண மேடையில்கூட இல்லை.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. உள்ளே விட்டதைவிடக் குறைவாக வந்தால்? குழாய் மடங்கியிருக்கான்னு பார்ப்பேன், அவரை அசைஞ்சு உக்காரச் சொல்வேன், அப்பவும் வரலேன்னா போன். காலையில் எடை கூடியிருந்தால்? உடம்புல தண்ணி தேங்குதுன்னு அர்த்தம், கால் வீங்கியிருக்கான்னு அமுக்கிப் பார்ப்பேன், உங்களைக் கேப்பேன். மூடியைத் திறக்கும்போது முனையில் விரல் பட்டுவிட்டால்? அதை அவருக்குப் போட மாட்டேன், குழாயை இறுக்கி மூடிட்டு உங்களுக்குப் போன். எல்லாம் அவள் பேச்சில் இருந்தது. புத்தகத்தின் சொல் ஒன்றுகூட இல்லை. பூட்டுக்காரர் மூச்சு விட்டார்.

அப்போது சிஸ்டர் இன்னொன்றைக் கேட்டாள். குழாய் தோலுக்குள் போகிற இடத்தில், தேன் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. சிவப்பு இல்லை, வலி இல்லை, சீழ் இல்லை. என்ன செய்வீர்கள்?

அது எந்தப் புள்ளியிலும் வந்ததில்லை. எந்த வரியிலும் வந்ததில்லை. பூட்டுக்காரர் தன் புத்தியில் இருந்த அத்தனை வரிகளையும் அவள் குரலிலேயே ஓடவிட்டுப் பார்த்தார். இல்லை. பழைய ரேடியோவாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வரியை எடுத்து அழகாக விட்டிருப்பாள். காயம் பற்றி ஒரு வரி உண்டு, சுத்தம் பற்றி ஒன்று உண்டு. எடுத்து விட்டால் தொலைந்தது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கடை, சுவர், சாவிகள், எல்லாம் அந்த ஒரு மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாது சிஸ்டர்."

பழைய குரல். வாளியின் மேல் ஏறி நின்று ஆவிக்கும் ஈரத்துக்கும் மேலே ஒலிக்கும் குரல். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தூரத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றவர்கூடத் திரும்பினார்.

"அது எனக்குத் தெரியாது. இந்தப் புத்தகத்துலயும் இல்ல. நானா பிய்க்க மாட்டேன், நானா மருந்து போட மாட்டேன். உங்களைக் கூப்பிட்டு, இப்படி இருக்கு, என்ன செய்யணும்னு கேப்பேன். நீங்க சொல்றதை அப்படியே உங்ககிட்டயே திருப்பிச் சொல்லிட்டுத்தான் கை வைப்பேன்."

பிறகு சிஸ்டரின் குரல் கேட்டது, யாருக்கோ போனில். நாளை மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகள் அனுப்பும் வீடுகளில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். எந்தத் தெரு, எந்த வீடு என்று ரேடியோ பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள், அதுவும் ஊருக்கே கேட்கும்படி.

பஸ் டிரைவர் இந்தப் பக்கம் சாய்ந்தார்.

"யாருங்க அது? தெரியாதுன்றதை இப்படிக் கெத்தாச் சொல்றாங்க?"

பூட்டுக்காரர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார், குழாய் சுருக்கென்று குத்தியது.

"எங்க வீட்டுக்காரிதான்" என்றார்.